நாலு மணிக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

கிழக்கு லண்டனில், வைட்சேப்பலில் இருக்கிறது ராயல் லண்டன் மருத்துவமனை. நகரத்தில் கத்திக்குத்துப் பட்டவர்களை அதிகம் பார்க்கும் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. 2004 முதல் 2014 வரை அப்படிக் கொண்டுவரப்பட்ட 25 வயதுக்கு உட்பட்ட 1,824 பேரின் பதிவுகளை அதன் மருத்துவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யார் குத்தியது, எதற்காகக் குத்தியது என்பதெல்லாம் போலீசின் வேலை. மருத்துவர்கள் முக்கியமாகப் பார்த்தது வயது, இடம், நேரம் மூன்றையும்தான். 2018இல் ‘பிஎம்ஜே ஓபன்’ இதழில் ஆய்வு வெளியானது. பதினாறு வயதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் இரவில் குத்துப்பட்டிருந்தார்கள். பதினாறுக்குக் கீழே இருந்தவர்களின் கதை வேறு. அவர்களில் 22 சதவீதம் பேர் குத்துப்பட்டது மாலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள். அதுவும் பெரும்பாலும் பள்ளி நடக்கும் நாட்களில், வீட்டுக்குப் பக்கத்திலேயே.

நடுராத்திரி, இருட்டுச் சந்து என்றெல்லாம் நாம் கற்பனை செய்து வைத்திருப்போம். பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆபத்து வருவது சீருடையைக்கூடக் கழற்றாத நேரத்தில்.

அந்த இரண்டு மணி நேரம் எப்படிப்பட்டது? இங்கிலாந்தில் பள்ளிகள் மூன்றேகாலுக்கோ மூன்றரைக்கோ விட்டுவிடுகின்றன. வேலைக்குப் போன அப்பா, அம்மா திரும்ப ஆறு, ஏழு மணி ஆகும். இரண்டு அறைக்குள் ஐந்தாறு பேர் வசிக்கும் அடுக்குமாடி வீடாக இருந்தால், பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தாலும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அங்கே கால் நீட்ட இடம் கிடையாது. அவன் வெளியே வருவான். வெளியே என்றால் மாடிப்படி, பஸ் நிறுத்தம், வறுத்த கோழி விற்கும் கடையின் வாசல். அங்கே அவனுக்கு முன்பே வேறு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

அந்த மருத்துவமனையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ஷாட்வெல் பகுதியில், கிளாமிஸ் அட்வெஞ்சர் பிளேகிரவுண்டு இருக்கிறது. 1969இலிருந்து இயங்கிவரும் திடல். நம் ஊர்ப் பூங்காக்களில் பார்க்கும் வரிசையான ஊஞ்சல், சறுக்குமரம், சீசா போன்ற எதையும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது. தந்திக் கம்பம் போன்ற முழு மரங்களை நட்டுப் பிணைத்த உயரமான மேடைகள், அவற்றுக்கு இடையே கயிற்றுப் பாலங்கள், பிள்ளைகளே ஆணி அடித்துப் பெயின்ட் பூசிய குடில்கள், நெருப்பு மூட்டிச் சமைக்க ஓர் இடம். முதல்முறை பார்க்கிறவருக்குப் புயலில் சிக்கிய மரக்கடை போலத்தான் தெரியும். கட்டணம் இல்லை. பிள்ளைகள் இஷ்டப்படி வரலாம், இஷ்டப்படி போகலாம்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட திடல்கள் பல ஊர்களில் உண்டு. சாகசத் திடல் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம், திறந்திருக்கும் நேரம் முழுவதும் உள்ளே சம்பளம் வாங்கும் பெரியவர்கள் இருப்பார்கள். பிளேவொர்க்கர் என்று அந்த வேலைக்குப் பெயர். அவர் ஆசிரியர் இல்லை, பயிற்சியாளர் இல்லை, காவலாளியும் இல்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தருவதும் அவர் வேலை இல்லை. சுத்தியல் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். சண்டை வந்தால் எந்த இடத்தில் குறுக்கே போக வேண்டும், எந்த இடத்தில் பேசாமல் நிற்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பார்.

அவருடைய நாள் கதவு திறப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். திடலை ஒரு சுற்று சுற்றி வருவார். இரவில் யாராவது எறிந்துவிட்டுப் போன பாட்டில் கண்ணாடி, ஊசி ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பார். கயிறு உராயும் இடங்களில் நைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். கம்பங்களை அடியில் தட்டிப் பார்ப்பார். மரம் உச்சியில் உளுத்துப் போவதைவிட, ஈரமும் காற்றும் சேரும் தரைமட்டத்தில்தான் சீக்கிரம் உளுக்கும். வெளியே உறுதியாகத் தெரியும் கம்பம் மண்ணுக்கு ஒரு சாண் கீழே மாவாகியிருக்கலாம். அதனால் அடிமண்ணைக் கொஞ்சம் தோண்டி, திருப்புளியால் குத்திப் பார்ப்பதும் உண்டு. உள்ளே இறங்கினால் அந்த மேடைக்கு அன்று பூட்டு.

மூன்றரைக்குக் கதவு திறக்கும். வாசலில் பெயர் எழுதும் நோட்டு. அந்த நோட்டைத் தாண்டிப் பிள்ளைகள் உள்ளே ஓடும் அரை நிமிடத்தில் நடப்பதுதான் இந்தத் திடலின் பாதுகாப்பில் பாதி. யார் முகம் வாடியிருக்கிறது, யார் நேற்றுச் சாப்பிடவில்லை, எந்த இரண்டு பேர் நேற்றுவரை சேர்ந்து வந்து இன்று தனித்தனியாக வருகிறார்கள் என்று பிளேவொர்க்கர் பார்த்துக்கொள்கிறார். ஆறு வயதிலிருந்து பார்த்த பிள்ளை பன்னிரண்டு வயதில் திடீரென்று விலை உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு வந்தால், இரண்டாவதாக ஒரு போன் வைத்திருந்தால், சில நாட்கள் சொல்லாமல் காணாமல் போனால், அவருக்கு மணி அடிக்கும்.

பிரிட்டிஷ் போலீசும் குழந்தைகள் நலத் துறையும் எச்சரிக்கை அறிகுறிகளாகப் பட்டியலிடுபவை இவைதான். பெருநகரக் கும்பல்கள் சிறுவர்களைக் கொண்டு சிறு ஊர்களுக்குப் போதைப்பொருள் அனுப்பும் முறைக்கு அங்கே ‘கவுண்டி லைன்ஸ்’ என்று பெயர். முதலில் ஒரு பர்கர், அப்புறம் ஒரு ஷூ, அதற்குப் பிறகு ஒரு ரயில் டிக்கெட். கொடுத்ததையெல்லாம் கடனாகக் காட்டி மிரட்டத் தொடங்கும்போது பையனால் வெளியே வர முடியாது. வகுப்பில் முப்பது பேரை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர் கண்ணுக்கு இது படாமல் போகலாம். படிக்கவோ ஜெயிக்கவோ வற்புறுத்தாத, சும்மா பக்கத்தில் உட்கார்ந்து நெருப்பில் ரொட்டி வாட்டிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் அந்தப் பையனே வாயைத் திறக்க வாய்ப்பு அதிகம். அப்படிக் கேட்டதை அவர் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. யாரிடம் சொல்ல வேண்டும், எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று விதிமுறை இருக்கிறது.

சாகசத் திடல் என்ற யோசனை லண்டனில் பிறந்ததல்ல. டென்மார்க்கிலிருந்து வந்தது. முதல் திடல் திறந்ததும் அங்கேதான், அதுவும் போர்க்காலத்தில்.

கார்ல் தியோடர் சோரன்சன் அங்கே புகழ்பெற்ற நிலவடிவமைப்புக் கலைஞர். பூங்காக்களும் விளையாட்டு இடங்களும் வடிவமைத்தவர். தான் அழகாகப் போட்டுக்கொடுத்த இடங்களைவிட, கட்டுமானம் நடக்கும் இடங்களிலும் பழைய சாமான் குவியல்களிலும் பிள்ளைகள் குதூகலமாக இருப்பதைக் கவனித்தார். அப்படியானால் அந்தக் குவியலையே ஏன் ஒரு திடலாக்கக் கூடாது என்று 1931இல் எழுதினார். பன்னிரண்டு வருடம் அது காகிதத்திலேயே கிடந்தது.

1943 ஆகஸ்ட் 15 அன்று கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில், தொழிலாளர்கள் வசிக்கும் கூட்டுறவுக் குடியிருப்பை ஒட்டி முதல் திடல் திறக்கப்பட்டது. அப்போது நாடு ஜெர்மானியர் பிடியில். வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 29 அன்று, ஜெர்மன் படை நெருக்கடி நிலையை அறிவித்தது. அந்தச் சூழலில் டேனிஷ் பெற்றோருக்கு ஒரு விசித்திரமான பயம் இருந்தது. தெருவில் பையன்கள் செய்யும் குறும்பை ஆக்கிரமிப்புப் படை நாசவேலை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இன்னொரு பக்கம், ஆட்சியையும் சட்டத்தையும் ஏமாற்றுவதே தேசபக்தி என்றாகிவிட்ட காலத்தில், திருட்டுக்கும் எதிர்ப்புக்கும் உள்ள கோடு பிள்ளைகள் மனதில் அழிந்துகொண்டே வந்தது.

ஆக, முதல் திடலே வெளியில் இருந்த ஆபத்திலிருந்து பிள்ளைகளைக் காக்க அமைக்கப்பட்டதுதான். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மண் கரை, வேலி. உள்ளே செங்கல், பலகை, பழைய சக்கரம், கம்பி, மண்வெட்டி. கூடவே ஒரே ஒரு பெரியவர், ஜான் பெர்டெல்சன். கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு மழலையர் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். பிள்ளைகளுக்கு நான் எதையும் கற்றுத்தர முடியாது, கற்றுத்தரவும் மாட்டேன் என்பது அவர் நிலை. அவர்கள் கேட்கும் பொருளைத் தேடிக் கொடுப்பார், தொடங்கியதைத் தொடர விடுவார். சோரன்சன் பின்னாளில் இந்தத் திடலைப் பற்றி, தான் உருவாக்கியவற்றிலேயே அசிங்கமானது இதுதான், ஆனால் தனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான் என்ற பொருளில் சொன்னார்.

1946இல் சொற்பொழிவுப் பயணமாக நார்வே போய்க்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வழியில் கோபன்ஹேகனில் இறங்கி எம்ட்ரப்பைப் பார்த்தார். லேடி ஆலன் ஆஃப் ஹர்ட்வுட். அவரும் நிலவடிவமைப்பாளர்தான். லண்டனின் செல்ஃப்ரிட்ஜஸ் கடைக்கு மொட்டைமாடித் தோட்டம் அமைத்தவர். அதைவிட முக்கியமான வேலை ஒன்றை அவர் ஏற்கெனவே செய்திருந்தார். விடுதிகளில் வளரும் ஆதரவற்ற குழந்தைகளின் நிலை பற்றி 1944இல் ‘தி டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தால் நாடே விழித்துக்கொண்டது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1948இன் குழந்தைகள் சட்டம் வந்தது.

ஊர் திரும்பியவர் ‘பிக்சர் போஸ்ட்’ இதழில் ஒரு கேள்வி கேட்டார். குண்டு விழுந்து நாசமான இடங்கள் லண்டன் முழுக்கக் காலியாகக் கிடக்கின்றன. அவற்றை ஏன் இப்படிப் பயன்படுத்தக் கூடாது? பிள்ளைகள் எப்படியும் அந்த இடிபாடுகளில்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அரைகுறையாக நின்ற சுவர்களிலும் திறந்த நிலவறைகளிலும், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல். 1948இல் தெற்கு லண்டனின் கேம்பர்வெல்லில் ஒரு திடல் வந்தது. 1955இல் நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில், லாம்பெத்தின் லொல்லார்ட் தெருவில், குண்டுவீச்சில் அழிந்த பள்ளியின் இடத்தில் இன்னொன்று. அந்தப் பெயரில் இன்றும் அங்கே ஒரு திடல் உண்டு.

அக்கம்பக்கத்தார் எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். சத்தம், புகை, பார்க்கச் சகிக்காத குப்பை என்று எதிர்ப்பு ஏராளம். இந்தத் திடல்கள் உயரமான மரவேலி போட்டுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். உயரமான மேடை, சுத்தியல், ரம்பம், நெருப்பு என்று வைத்துக்கொண்டு இதைப் பாதுகாப்பு என்றால் எப்படி? கை கால் உடையாதா?

சில சமயம் உடையும். ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிடில்செக்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் பால் 2002இல் ஓர் அறிக்கை தயாரித்தார். விளையாட்டுத் திடலில் பிள்ளைகளுக்கு நேரும் விபத்து அபாயம் கால்பந்து போன்ற ஆட்டங்களைவிடக் குறைவு என்பது அதில் தெரிந்தது. எழுபதுகளுக்குப் பிறகு பணியிடப் பாதுகாப்புச் சட்டம், வழக்கு பயம், காப்பீட்டுக் கட்டணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பல திடல்களில் உயரமான அமைப்புகளை இறக்கிவிட்டார்கள். ரப்பர் தரையும் பிளாஸ்டிக் சறுக்குமரமும் பெருகின. அவை ஐந்து வயதுக் குழந்தைக்குச் சரி. பன்னிரண்டு வயதுக்காரன் அங்கே பத்து நிமிடம்கூட நிற்கமாட்டான். தனக்குச் சவாலாக எதுவும் இல்லாத இடத்தைவிட்டு, சவால் இருக்கும் இடத்துக்குப் போய்விடுவான். ரயில்வே தண்டவாளம், காலிக் கட்டடம், கும்பல். 2012இல் அதே பாதுகாப்பு நிர்வாகம், பிள்ளைகளின் விளையாட்டிலிருந்து ஆபத்தை முழுக்கத் துடைத்தெடுப்பது நோக்கமல்ல, பலனையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டது.

வேல்ஸில், ரெக்ஸம் அருகே பிளாஸ் மடோக் என்ற ஏழைக் குடியிருப்பில் இருக்கும் ‘தி லேண்ட்’ திடலை உலகமே பார்த்தது. ஹன்னா ரோசின் 2014இல் அமெரிக்காவின் ‘தி அட்லான்டிக்’ இதழில் எழுதிய கட்டுரை அதற்குக் காரணம். காயலான் கடை போலக் கிடக்கும் டயர், மெத்தை, மரத்தட்டுகளுக்கு நடுவே, பழைய தகர டிரம்மில் பிள்ளைகள் தாங்களே நெருப்பு மூட்டிக் குளிர்காயும் காட்சி அமெரிக்கப் பெற்றோரைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காட்சியில் சட்டென்று கண்ணில் படாதவர்கள், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த பிளேவொர்க்கர்கள். ஊர்ப் பிள்ளைகள் எப்படியும் நெருப்போடு விளையாடப்போகிறார்கள். கைவிடப்பட்ட கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்து செய்யப்போகிறார்களா, பழகிய ஒருவரின் பார்வையில் செய்யப்போகிறார்களா என்பதுதான் கேள்வி.

அந்த ஒருவரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? லண்டனின் பேட்டர்சீ பூங்காவில் இருந்த சாகசத் திடலின் கதை அதைச் சொல்கிறது. வாண்ட்ஸ்வொர்த் கவுன்சில் செலவைக் குறைக்க முனைந்தது. முதலில் வார இறுதிகளில் ஒரு பிள்ளைக்கு இரண்டரை பவுண்டு வசூலிக்கலாமா என்று யோசித்தார்கள். எதிர்ப்பு வந்தது. பிறகு திடலையே மூட முடிவெடுத்தார்கள். 2012ஆம் ஆண்டுக் கடைசியில் போராட்டக்காரர்கள் உள்ளே புகுந்து கூடாரம் போட்டுத் தங்கிப் பார்த்தார்கள். 2013இல் பழைய அமைப்புகள் இடிக்கப்பட்டன. அந்த இடத்தில் புது விளையாட்டுச் சாதனங்கள் வந்தன. பணியாளர்கள் வரவில்லை. பூங்காவுக்குப் போகிறவர் கண்ணுக்கு, பழசு போய்ப் புதுசு வந்த மாதிரிதான் இருக்கும். இடம் இருக்கிறது, ஏறி விளையாடப் பொருள் இருக்கிறது. பிள்ளையின் பெயர் தெரிந்த ஆள் மட்டும் இல்லை.

இதற்கு முன் 2008இல்தான் லேபர் அரசு 23.5 கோடி பவுண்டு ஒதுக்கி, 3,500 விளையாட்டு இடங்களும் 30 புதிய சாகசத் திடல்களும் அமைக்கத் திட்டம் போட்டிருந்தது. 2010இல் ஆட்சி மாறியதும் திட்டம் பாதியில் நின்றது. அடுத்த பத்தாண்டுகளில் இங்கிலாந்து உள்ளாட்சிகள் இளைஞர் சேவைகளுக்குச் செலவிடும் தொகை சுமார் 70 சதவீதம் சரிந்ததாக ஒய்எம்சிஏ கணக்கிட்டது. நூலகத்தை மூடினால் ஊர் திரளும். பிளேவொர்க்கர் ஒருவரின் வேலை போனால் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

சாகசத் திடல்களுக்கு மட்டுமேயான பெரிய ஆய்வு கைவசம் இல்லாவிட்டாலும், அவற்றுக்கு உடன்பிறப்பான இளைஞர் மன்றங்களைப் பற்றித் தெளிவான ஆய்வு உண்டு. நிதி ஆய்வு நிறுவனம் என்று சொல்லத்தக்க ஐஎஃப்எஸ் அமைப்பில் கார்மென் வில்லா என்ற பொருளியலாளர் 2024இல் வெளியிட்டது. 2010க்கும் 2019க்கும் இடையில் லண்டனின் இளைஞர் மன்றங்களில் சுமார் 30 சதவீதம் மூடப்பட்டன. பக்கத்து மன்றத்தை இழந்த பிள்ளைகளையும் இழக்காத பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டார். மன்றத்தை இழந்தவர்கள் பதினாறு வயதுப் பொதுத்தேர்வில் ஏதோ ஒரு பாடத்தில் அரை கிரேடு குறைந்த அளவுக்குப் பின்தங்கினார்கள். 10 முதல் 17 வயதுக்குள் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு அவர்களுக்கு 14 சதவீதம் கூடியது.

இங்கே அளவுக்கு மீறிச் சொல்லிவிடக் கூடாது. திடல் ஒன்று இருந்துவிட்டால் கத்தி கீழே விழுந்துவிடாது. பெரும்பாலான சாகசத் திடல்கள் பதினைந்து, பதினாறு வயதோடு பிள்ளைகளை வழியனுப்பிவிடும். ஆபத்து கூடும் வயதும் அதுதான். கும்பல்கள் ஏரியா பிரித்துக்கொண்டிருக்கும் இடங்களில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் பையன் இந்தத் திடலுக்கு நடந்து வரவே பயப்படுவான். போதை விற்கிறவன் திடலின் வேலிக்கு வெளியே வந்து நிற்பதும் நடக்கும். வறுமை, நெரிசலான வீடு, பள்ளியிலிருந்து நீக்கம், இவை எதையும் ஒரு கயிற்றுப் பாலம் சரிசெய்யாது. திடல் தருவது அந்த மாலை நேரத்தில் போக ஓர் இடம், வரவில்லை என்றால் ஏன் என்று கேட்க ஓர் ஆள். சிறியதுதான், ஆனால் அதற்கு மாற்று எதையும் யாரும் மலிவாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

வேல்ஸ் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. பிள்ளைகள் விளையாடப் போதுமான வாய்ப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு உள்ளாட்சியும் கணக்கெடுக்க வேண்டும், முடிந்த அளவு அதை உறுதிசெய்ய வேண்டும் என்று 2010இன் சட்டம் சொல்கிறது. 2012இல் கணக்கெடுக்கும் கடமையும் 2014இல் உறுதிசெய்யும் கடமையும் நடைமுறைக்கு வந்தன. இடம் மட்டும் போதாது, நேரமும், பயமில்லாமல் போய்வரும் வழியும், பயிற்சி பெற்ற ஆட்களும் அந்தக் கணக்கில் வரும்.

இங்கிலாந்துத் திடல்களில் பல இன்று அறக்கட்டளைகளாக மாறி, லாட்டரி நிதிக்கும் நன்கொடை அமைப்புகளுக்கும் விண்ணப்பம் எழுதிக் காலம் தள்ளுகின்றன. கார்மென் வில்லாவின் ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. மன்றங்களை மூடி மிச்சப்படுத்திய ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் கொடுத்த விலை ஏறக்குறைய மூன்று பவுண்டு. அப்படியிருந்தும் ஏன் மூடுகிறார்கள் என்பதற்கு விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மிச்சமாகும் ஒரு பவுண்டு கவுன்சிலின் கணக்கில் ஏறுகிறது. இழக்கும் மூன்று பவுண்டு, பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதால் வரும் நஷ்டம், குற்றங்களால் வரும் செலவு என்று வேறு வேறு கணக்குகளில், வேறு வேறு வருடங்களில் விழுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. அது நடக்கும்வரை ஒவ்வொரு மார்ச் மாதமும், ஏப்ரலில் கதவைத் திறக்கச் சம்பளப் பணம் இருக்குமா என்று திடல் நிர்வாகிகள் விண்ணப்பப் படிவங்களோடு உட்கார வேண்டியதுதான்.